கடைசிக்குப் பின்னால்

கொக்கைப் பார்த்தது தப்பு. அதுவும் ஒற்றைக் காலில் நின்ற கொக்கை.

ஏரியின் மேல் பனிமூட்டம் பாலாடையாகப் படர்ந்திருந்தது. தூறலா பனியா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளைக்குள் இன்னும் கொஞ்சம் வெள்ளையாகக் கொக்கு நின்றது. தூக்கிய காலை அது எப்போது கீழே வைக்கும் என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் பராக்கு நின்றாள். அது வைப்பதாக இல்லை. அவள் திரும்பிப் பார்த்தபோது ஏரிக்கரைச் சாலையில் ஈ காக்கை இல்லை. சற்று முன்னால் ஊரே திரண்டு ஓடிய சாலை அது.

"போச்சு," என்றாள் பராக்கு, கொக்கிடம்.

ஒன்பதாம் வகுப்பில் அவளுக்கு அதுதான் பெயர். வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆகும். பராக்கு என்று கூப்பிட்டாலும் அதே நேரம்தான் ஆகும்.

பள்ளிக்கூடம் நடத்தும் நன்கொடை ஓட்டம் அது. யார் வேண்டுமானாலும் ஓடலாம், நடக்கலாம், கைக்குழந்தையை வண்டியில் தள்ளிக்கொண்டும் வரலாம். ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பள்ளி வாசலுக்கு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். வேலைகள் எல்லாம் மாணவர்களுடையவை. தண்ணீர் கொடுக்க ஒரு கூட்டம், அம்புக்குறிப் பலகை பிடிக்க ஒரு கூட்டம், பன்னும் வாழைப்பழமும் கொடுக்க ஒரு பெருங்கூட்டம். பராக்குக்குக் கிடைத்தது கடைசி ஆள் வேலை.

"எல்லாருக்கும் பின்னால யார் வர்றாங்களோ, அவங்களுக்கும் பின்னால நீ வரணும்," என்று விளையாட்டு டீச்சர் விளக்கியிருந்தார். "நீ வந்துட்டா எல்லாரும் வந்தாச்சுன்னு அர்த்தம்."

"நான் எதுக்கு மிஸ்?"

"நீ எப்படியும் கடைசியாத்தான் வருவே. அதையே ஒரு வேலையா செஞ்சுட்டுப் போ."

டீச்சர் ஒரே ஒரு சட்டம்தான் வைத்தார். "அவங்ககிட்ட போய் நீங்கதான் கடைசின்னு மட்டும் சொல்லிடாதே. உன் வேலை என்னன்னும் சொல்லாதே. போன தடவை ஒருத்தர் அதைக் கேட்டதும் மனசு விட்டுப்போய் பாதியிலேயே பஸ் ஏறி வீட்டுக்குப் போயிட்டார். நீயும் சும்மா ஓட வந்த மாதிரி வா."

ஒருவர் பஸ் ஏறினாலும் இந்தத் தடவை குடி முழுகிவிடும். காரணம் சோபாக்காரர்.

சக்கர நாற்காலியோடு அப்படியே ஏறிக்கொள்ளும்படி ஒரு வண்டி வாங்கத்தான் இந்த ஓட்டம். மாணவர்கள் மாதக்கணக்கில் கார் கழுவி, பழைய புத்தகம் விற்று, வீடு வீடாகக் கதவைத் தட்டி, பாதிப் பணம் சேர்த்துவிட்டார்கள். மீதிப் பாதியைக் கடைத்தெருவில் பெரிய சோபாக் கடை வைத்திருப்பவர் தருவதாக மேடையில் மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டார். கைதட்டல் அடங்கியதும்தான் அவருக்கே தொகை உறைத்திருக்க வேண்டும். உடனே ஒரு நிபந்தனை போட்டார். ஓடத் தொடங்கிய அத்தனை பேரும் மணிக்கூண்டில் ஒன்பது அடிப்பதற்குள் பள்ளி வாசலில் போட்ட கோட்டைத் தாண்டிவிட வேண்டும். "ஒரு ஆள் குறைஞ்சாலும் நான் தர மாட்டேன்," என்றார். மழை வரும் என்று தெரிந்ததும் எல்லாருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் மழைக்கோட்டும் கொடுத்தார். முதுகில் கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

அந்த வண்டி வந்தால் அதில் முதலில் ஏறப்போவது பராக்கின் தம்பி. இப்போது தினமும் காலையில் அம்மா அவனைத் தூக்கிப் பஸ்ஸில் ஏற்ற, பராக்கு நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு பின்னால் ஏற, டிரைவர் பெருமூச்சு விடுவார். தம்பி வளர்ந்துகொண்டே இருந்தான். அம்மாவின் இடுப்பு வளரவில்லை. போன வாரம் படியில் அவனைத் தூக்கிக்கொண்டு அம்மா ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டாள். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. அதைப் பராக்கு வேடிக்கை பார்க்கவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

இன்று காலை கிளம்பும்போது தம்பி கேட்டான். "அக்கா, வழியில நின்னு வேடிக்கை பார்க்காம வந்துடுவேல்ல?"

"நான் என்ன சின்னக் குழந்தையா?" என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

கொக்கை விட்டுவிட்டு ஓடினாள். கிளம்பும்போது எல்லாருக்கும் பின்னால் போனவர் முழங்காலில் கட்டுப் போட்ட தபால்காரர். அவர் நொண்டி நொண்டி எவ்வளவு தூரம் போயிருக்க முடியும் என்ற தைரியம்தான். வளைவைத் தாண்டியதும் பனிக்குள் இன்னொரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அருகில் போனால், மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஓர் ஆள் ஒரு காலைச் சுவரின் மேல் வைத்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நெட்டையான, நீண்ட கழுத்துள்ள மனிதர். தொப்பிக்குள்ளிருந்து மூக்கு மட்டும் வெளியே வந்து சொட்டிக்கொண்டிருந்தது.

தபால்காரரையே முன்னால் விட்டவர் என்றால் இவர் எவ்வளவு மெதுவானவராக இருக்க வேண்டும் என்று நினைத்தபோது பராக்குக்கு அவர் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. தன் இனம். மனதுக்குள் அவருக்குக் கொக்கு சார் என்று பெயர் வைத்தாள்.

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "முன்னாடி போம்மா. நான் வழி விடறேன்."

"பரவாயில்ல சார். எனக்கு அவசரமில்ல."

"எனக்கும்தான்," என்று சொல்லி அவர் அடுத்த ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். அது நன்றாகத்தான் கட்டியிருந்தது.

பராக்குக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தானும் குனிந்து தன் கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். ஏரியில் ஒரு மீன் துள்ளி விழுந்த சத்தம் கேட்டது.

உற்சாகப்படுத்திப் பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. "நீங்க ரொம்ப நல்லா ஓடறீங்க சார்."

அந்த ஆள் அதுவரை ஒரு அடிகூட ஓடவில்லை. அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு அவரும் பெரிய மனது பண்ணி, "நீயும்தாம்மா, பிரமாதம்," என்றார்.

அவள் கைதட்டினாள். அவரும் கைதட்டினார். ஆளரவமற்ற சாலையில், பனிக்கு நடுவில், மஞ்சள் கோட்டுப் போட்ட இரண்டு பேர் ஒருவருக்கொருவர் கைதட்டிக்கொண்டு நின்றார்கள். நகர்ந்தபாடில்லை.

சரி, பசியாக இருக்கும் என்று பையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினாள். அதுவும் வினையாகப் போயிற்று. "ஐயோ, உனக்குத்தான் தெம்பு வேணும். முகமே வாடிப்போச்சு. உட்காரு," என்று அவர் பக்கத்திலிருந்த பெஞ்சைத் துடைத்து அவளை உட்காரவைத்தார். தானும் உட்கார்ந்தார். பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்குப் பாதி என்று பங்கு போட்டார். உடைந்த பிஸ்கட்டைக்கூட இரண்டாகத்தான் பிரித்தார், அவ்வளவு துல்லியம்.

"சாப்பிட்டுட்டு உடனே நடக்கக் கூடாதும்மா," என்றார் பிறகு.

பராக்கு மணிக்கூண்டு இருக்கும் திசையைப் பார்த்தாள். பனிதான் தெரிந்தது. எந்த மணி எப்போது அடிக்கும் என்றே தெரியாத பனி. இவர் கூச்ச சுபாவமோ என்று யோசித்தாள். சில பேருக்கு யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் கையும் ஓடாது, காலும் ஓடாது. தான் கண்ணில் படாமல் இருந்தால் ஒருவேளை நடப்பார்.

அவர் ஏரியைப் பார்த்த நேரத்தில் மெல்ல எழுந்து ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அவர் திரும்பினார். பெஞ்சைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். எழுந்து பத்தடி முன்னால் போனார். பராக்கின் நெஞ்சு குளிர்ந்தது. அங்கே நின்று, "பாப்பா," என்று கூப்பிட்டார். அப்படியே திரும்பி, வந்த வழியே வேகமாக நடக்கத் தொடங்கினார். பராக்கு நின்ற மரத்தைத் தாண்டி, கயிறு கட்டிய சுவரைத் தாண்டி, முதல் கொக்கு நின்ற இடம் வரைக்கும் போய்விட்டார். இவ்வளவு வேகம் இவரிடம் எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை.

"பாப்பா. ஏம்மா பாப்பா."

பராக்கு தலைதெறிக்கப் பின்னால் ஓடினாள். அவருக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பதுதானே சட்டம். ஆனால் அவர் இப்போது எதிர்த்திசையில் போகிறார். அவருக்குப் பின்னால் ஓடினால் அவருக்கு முன்னால் இருப்பதாக ஆகுமே. எது முன், எது பின் என்பதே அவளுக்குக் குழம்பிவிட்டது. கொக்கு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காலை மாற்றிக்கொண்டது.

"எங்க போயிட்டே? எனக்கு உயிரே இல்ல," என்றார் அவர். "தண்ணில கிண்ணில விழுந்துட்டியோன்னு பயந்துட்டேன்."

"மரத்தைப் பார்த்துட்டு இருந்தேன் சார்."

யார் சொன்னாலும் நம்ப முடியாத பொய் அது. பராக்கு சொன்னதால் உண்மை மாதிரியே இருந்தது.

மறுபடி முதலிலிருந்து நடந்தார்கள். பாதி வழியில் தண்ணீர் மேசை வந்தது. அங்கே அவளுடைய தோழி மேசையை மடக்கிக்கொண்டிருந்தாள். குரல் வளத்துக்காக அவளை வகுப்பில் ஒலிபெருக்கி என்பார்கள். பராக்கு அவளை ஓரமாக இழுத்தாள்.

"தபால்காரர் போய் யுகமாச்சு. நீ என்னடி இப்பத்தான் ஆடி அசைஞ்சு வர்றே?"

"மெதுவா பேசுடி. எனக்கு முன்னால இன்னும் ஒருத்தர் இருக்கார். அவர் நகர மாட்டேங்கறார். நீ ஓடிப்போய் டீச்சர்கிட்ட மட்டும், காதோட காதா சொல்லிடு. கடிகாரத்தை எப்படியாவது கொஞ்சம் சமாளிக்கச் சொல்லு."

காதோடு காதாகச் சொல்ல ஒலிபெருக்கியை அனுப்பியது பராக்கின் அன்றைய இரண்டாவது பெரிய தப்பு. கொஞ்ச நேரத்தில் ஏரிக்கு அக்கரையிலிருந்து மைக்கில் அவள் குரல் மிதந்து வந்தது. "அன்பான பொதுமக்களே, இன்னும் ஒரே ஒரு ஓட்டக்காரர் வர வேண்டியிருக்கிறது. தயவுசெய்து யாரும் கலைந்து போக வேண்டாம்." அதைத் தொடர்ந்து சோபாக்காரரின் செருமலும் மைக்கில் தெளிவாகக் கேட்டது. மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார் என்று அந்தச் செருமலிலேயே தெரிந்தது.

கொக்கு சார் அந்த அறிவிப்பைக் கேட்டுவிட்டுப் பராக்கைப் பரிதாபமாகப் பார்த்தார். அவள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

இனி ஒரே வழிதான். பராக்கு பொத்தென்று தரையில் உட்கார்ந்தாள். "கால் பிசகிடுச்சு சார். நீங்க முன்னால ஓடிப்போய் யாரையாவது கூட்டிட்டு வாங்க."

அவர் ஓடவில்லை. குனிந்து அவள் கணுக்காலைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஏரிக்கரைத் தோட்டக்காரர் ஒற்றைச் சக்கர வண்டியில் சருகு தள்ளிக்கொண்டு பனிக்குள்ளிருந்து வந்தார். "ஏத்துங்க சார், நான் தள்ளிட்டுப் போறேன்," என்றார் தாராளமாக.

வண்டியில் ஏற்றினால் அவள் அவருக்கு முன்னால் போய்விடுவாள். பராக்கு துள்ளி எழுந்தாள். "சரியாயிடுச்சு சார்."

கொக்கு சாருக்கும் முகம் தெளிந்தது. "நல்லவேளை. வண்டியில போனா அது தப்பாச்சேம்மா. காலாலதான் வரணும்." ஒரு கணம் அந்த வண்டியை ஏக்கத்தோடுதான் பார்த்தார். ஆனால் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். எவ்வளவு நேர்மையான ஓட்டக்காரர் என்று பராக்கு நெகிழ்ந்துபோனாள். தோட்டக்காரர் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பனிக்குள்ளேயே திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். அவர் ஒரு அடி குறைத்தால் அவள் ஒரு அடி குறைத்தாள். ஒரு வாத்து தன் குஞ்சுகளோடு அவர்களைத் தாண்டிப் போயிற்று. ஒரு நத்தை தாண்டவில்லை, அவ்வளவுதான். எங்கே நிலம் முடிகிறது, எங்கே தண்ணீர் தொடங்குகிறது என்று தெரியவில்லை. இரண்டு பேரும் நடப்பது ஏரியின் மேலேயே என்றால்கூடப் பராக்கு நம்பியிருப்பாள். இப்படி அவள் வேகத்துக்கு யாரும் அவளோடு நடந்ததே இல்லை. எல்லாரும் கையைப் பிடித்து இழுத்துத்தான் பழக்கம். மணியை நினைத்தால் பயம், நினைக்காவிட்டால் நிம்மதி. அவள் நினைத்து நினைத்து மறந்தாள்.

"நீங்க என்ன வேலை சார் பார்க்கறீங்க?"

"நாள் முழுக்க ஒரு ஸ்டூல்ல உட்கார்ந்து கூட்டல் கழித்தல். முதலாளிக்கு ஸ்டூல்தான் பிடிக்கும். சாய்மானம் இருந்தா நான் தூங்கிடுவேனாம்." அவர் ஏரியைப் பார்த்துச் சிரித்தார். "இப்படிக் காலைல வெளியில நடந்து எத்தனையோ வருஷமாச்சும்மா. நீ எதுக்கு ஓட வந்தே?"

அதற்குப் பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. தம்பியைப் பற்றிச் சொன்னாள். மடக்கும் நாற்காலியைப் பற்றி, டிரைவரின் பெருமூச்சைப் பற்றி, படியில் நின்றுவிட்ட அம்மாவைப் பற்றிச் சொன்னாள். சொல்லி முடித்தபோது அவர் நடையை நிறுத்தியிருந்தார்.

"அப்ப இந்த வண்டி உன் தம்பிக்கா?"

"அவனுக்கும்தான் சார்."

"அப்ப நீ சீக்கிரம் போகணுமேம்மா. ஓடும்மா. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

"நீங்க ஓடுங்க சார். ப்ளீஸ்."

"நான் எப்படிம்மா முன்னால ஓட முடியும்?"

முழங்கால் வலியோ, மூச்சிரைப்போ என்னவோ, பாவம், வெளியே சொல்ல வெட்கப்படுகிறார் என்று பராக்கு நினைத்துக்கொண்டாள். அவர் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் ஓடினார்கள். அவள் இழுக்கவில்லை, அவரும் இழுக்கவில்லை, ஆனாலும் ஓடினார்கள். பனி விலகி வழிவிட்டது. பள்ளிக்கூட வாசல் தெரிந்தது. இரண்டு பக்கமும் கூட்டம். கோட்டுக்கு அந்தப் பக்கம் தம்பி நாற்காலியில் எக்கி எக்கி எழுந்திருக்கப் பார்த்தான். அம்மா அவன் தோளைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

கோட்டுக்கு ஒரு அடி முன்னால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நின்றார்கள்.

"போம்மா," என்றார் அவர்.

"நீங்க சார்."

"பெரியவன் சொல்றேன், கேளு."

"பெரியவங்கதான் சார் முதல்ல."

"அடியே, தாண்டுடி," என்று ஒலிபெருக்கி மைக் இல்லாமலே கத்தினாள். டீச்சர் இரண்டு கையாலும் காற்றைத் தள்ளினார். பராக்கு கடைசியாக ஒரு யோசனை செய்து அவர் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். அவர் விலகிக்கொண்டு அவள் முதுகில் கைவைத்தார். இரண்டு பேரும் கோட்டுக்கு முன்னாலேயே வட்டமாக ஒரு சுற்றுச் சுற்றினார்கள்.

மணிக்கூண்டில் ஒன்பது அடித்தது.

தம்பி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். அவன் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பராக்கு எவ்வளவோ முயன்றாள். ஆனால் இந்தத் தடவை வேறு பக்கம் பார்க்க முடியவில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பக்கத்தில் கொக்கு சாரும் மூக்கை உறிஞ்சினார். அது மழைத்தண்ணீர் இல்லை.

சோபாக்காரர் மைக்கை வாங்கினார். முகத்தில் வருத்தத்தைக் கொண்டுவர அவர் பட்ட பாடு எல்லாருக்கும் தெரிந்தது.

"எனக்கும் மனசு கேக்கலதான். ஆனா நிபந்தனைன்னா நிபந்தனை. ஓட வந்தவங்கள்ல ஒருத்தர் கோட்டுக்கு வெளியில நிக்கறார். ஊரே பார்க்குது. பாவம், அந்த மனுஷர் யாருன்னு எனக்குத் தெரியாது, அவர் மேல யாரும் கோபப்படக் கூடாது. சார், கொஞ்சம் தொப்பியை எடுத்துட்டு இப்படித் திரும்புங்க."

கொக்கு சார் தொப்பியை எடுத்தார். கூனிக் குறுகித் திரும்பினார்.

சோபாக்காரரின் வாய் அப்படியே திறந்து நின்றது. மைக் கையில் இருப்பதையே மறந்துபோனார். அதற்குப் பிறகு அவர் சொன்னது ஏரிக்கு அக்கரை வரைக்கும், காலை மாற்றிக்கொண்டு நின்ற கொக்கு வரைக்கும் கேட்டது.

"யோவ் கணக்கு, கடைசியா ஓடுறவனை எவனும் வண்டியில ஏத்திடாம பின்னாலயே காவலுக்குப் போய்யான்னு உன்னை அனுப்பினா, அந்தத் தபால்காரர் அப்பவே வந்து பன்னு தின்னுட்டு வீட்டுக்கே போயிட்டாரு, நீ என்னய்யா இன்னும் இந்தப் பொண்ணு பின்னால நிக்கறே?"